போதைப்பொருள் வழக்கில் மேல்முறையீடு: ஓர் அண்ணனின் அனுபவம்

மேல்முறையீடு என்றால் வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்கும், சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவார்கள், இந்த முறையாவது நீதிபதி நம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார் என்று நம்புகிற குடும்பங்களைச் சிறை வாசலில் நிறையச் சந்தித்திருக்கிறேன். உயர்நீதிமன்றத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம், அங்கே குறியிடப்பட்ட ஆவணங்கள், அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆகியவற்றை வைத்துத்தான் அங்கே வாதம் நடக்கிறது. தண்டனை பெற்றவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்படுவதுகூட இல்லை. என் தம்பியின் மேல்முறையீடு 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கலாகி 2024இல் முடிந்தது. நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக வேலை பார்த்தவன், சட்டம் படித்தவன் அல்ல. இதே நிலையில் நிற்கும் குடும்பத்தினருக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு வழக்கின் போக்கும் அதனதன் ஆவணங்களைப் பொறுத்தது என்பதால், இதை வைத்துக்கொண்டு உங்கள் வழக்கறிஞரிடம் கேள்வி கேளுங்கள், முடிவு எடுக்காதீர்கள்.

தம்பி மாற்று ஓட்டுநராகப் போய்வந்தவன். 2018இல் தென்மாவட்டம் ஒன்றில் நெடுஞ்சாலையில் நடந்த வாகனச் சோதனையில், அவன் ஓட்டிவந்த காரின் டிக்கியில் இரண்டு பிளாஸ்டிக் சாக்கு மூட்டைகள் இருந்தன. ஒன்று 12 கிலோ, மற்றது 10 கிலோ, மொத்தம் 22 கிலோ கஞ்சா என்பது வழக்கு. காரைப் பேசி அமர்த்தி உடன் வந்தவர் முதல் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி (நீதிமன்ற வழக்கில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). மூட்டையில் இருந்தது என்ன என்று அவனுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு விடை உண்டு; அதை இங்கே எழுதப் போவதில்லை, மேல்முறையீட்டில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

இருந்தது எடையின் கணக்கு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற கட்டாயம் கிடையாது. வணிக அளவு என்றாகிவிட்டால் குறைந்தபட்சமே பத்தாண்டும் ஒரு லட்சமும். அதிகபட்சம் இருபதாண்டும் இரண்டு லட்சமும். வயதான தாய் இருக்கிறார், முன்பு வழக்கு எதுவும் இல்லை என்று எவ்வளவு இரங்கிக் கேட்டாலும், பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. ஆகவே 22 கிலோ என்ற எண்ணில் 20 என்ற கோட்டைத் தாண்டிய அந்த இரண்டு கிலோதான் தம்பியின் தலைவிதி என்று எங்கள் வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

சிறப்பு நீதிமன்றம் கஞ்சாவை வைத்திருந்து கடத்தியதற்கான 20ஆவது பிரிவிலும், கூட்டுச்சதிக்கான 29ஆவது பிரிவிலும் தலா பத்தாண்டுக் கடுங்காவல், தலா ஒரு லட்சம் அபராதம், அபராதம் கட்டத் தவறினால் தலா ஓராண்டு மேலும் சிறை என்று தீர்ப்பளித்தது. சிறைத்தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்கலாம் என்ற வரியைக் கேட்டதும் உறவினர்கள் ஆறுதலடைந்தார்கள். அபராதத்துக்கு அந்த வரி பொருந்தாது. இரண்டு அபராதங்களையும் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் அதற்கான சிறைக்காலம் முக்கியத் தண்டனை முடிந்த பிறகு தனியாகத் தொடங்கும், அதில் விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாள்களைக் கழிக்கவும் முடியாது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆவது பிரிவின்படி ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள உத்தரவு இருக்கிறதா, சிறைக்குப் போகும் தண்டனை வாரண்டிலும் அதே நாள்கள் எழுதப்பட்டுள்ளனவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு 32-ஏ பிரிவு தண்டனைக் குறைப்புச் சலுகையைத் தடுக்கிறது. பிற வழக்குகளின் கைதிகளுக்கு நன்னடத்தைக்காகக் கழியும் நாள்கள் இவர்களுக்குக் கழியாது. பத்தாண்டு என்றால் பத்தாண்டேதான்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்ய வேண்டும். சான்றிட்ட நகல் பெற நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. தாமதமானாலும் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரும் மனு போடலாம். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வெளியில் வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்கள் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச வழக்கறிஞர் கேட்க உரிமையுடையவர். மதுரைக் கிளையிலேயே அதற்கான சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். இலவச வழக்கறிஞர் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. சிறைப் பார்வையாளர் வரிசையில் எனக்கு அறிமுகமான ஒரு தாயின் மகனுக்கு அந்தக் குழுவின் வழக்கறிஞர்தான் வாதாடினார். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிய சிலருக்குக் கிடைக்காத கவனம் அந்த வழக்குக்குக் கிடைத்ததைப் பார்த்தேன்.

அடகு வைத்தவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞருக்காக வைக்கவில்லை, இடையில் நிற்பவர்களுக்காக வைத்தார்கள். தீர்ப்பு வந்த வாரத்திலேயே எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து, ‘ஜட்ஜ் வரைக்கும் நமக்குப் பழக்கம், மூணே மாசத்துல பையன் வீட்டுல இருப்பான்’ என்று தொகை பேசினார். வழக்கு எண் என்ன, எடை எவ்வளவு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவணங்களைக் கேட்காமல் முடிவைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் தேர்ந்துகொண்ட வழக்கறிஞர் முதல் நாள் எங்களிடம் கேட்டது கட்டணத்தை அல்ல. முதல் தகவல் அறிக்கை, கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பதிவு), பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம், தடய அறிவியல் ஆய்வறிக்கை, மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கைகள், எல்லாச் சாட்சிகளின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆவது பிரிவின்படி எதிரியிடம் நீதிபதி கேட்ட கேள்விகளும் பதில்களும், பிறகு தீர்ப்பு. இவற்றைத் தேதிவாரியாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து வைத்ததுதான் அந்த ஐந்தாண்டுகளில் ஒரு குடும்பத்தினனாக நான் செய்த உருப்படியான வேலை.

மேல்முறையீட்டுடன் சேர்த்தே தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போடப்பட்டது. வேறு குற்றங்களில் இது ஓரளவு எளிதாகக் கிடைக்கிறது. இங்கே 32-ஏ பிரிவு நீதிமன்றத்தின் கையையே கட்டிப்போட்டிருந்தது. தாது என்கிற துளசிதாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், தண்டனையை நிறுத்திவைக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஜாமீன் பற்றிய 37ஆவது பிரிவின் இரட்டை நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே விட்டால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் கருத வேண்டும். ஒரு நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதிவிட்ட பிறகு முதல் நிபந்தனையைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மனு தள்ளுபடியானது. வீட்டில் அன்று வழக்கே தோற்றுவிட்டது போல ஒப்பாரி. தண்டனை நிறுத்தம் மறுக்கப்படுவது மேல்முறையீட்டின் தகுதியைப் பற்றிய முடிவு அல்ல என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு நெடுநாள் பிடித்தது.

அதன்பிறகு காத்திருப்பு. கீழ் நீதிமன்ற ஆவணங்கள் வந்துசேர வேண்டும், தட்டச்சு செய்த தொகுப்பு தயாராக வேண்டும், வழக்கு இறுதி விசாரணைப் பட்டியலில் ஏற வேண்டும். நடுவில் கொரோனா வந்து நீதிமன்றமும் முடங்கியது, சிறை நேர்காணலும் நின்றது. நீதிபதிகளின் பணிப் பகிர்வு மாறும்போதெல்லாம் பட்டியலில் மேலே வந்த வழக்கு மறுபடி கீழே போனது. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

இந்தக் காத்திருப்பில் மிகவும் அலைக்கழித்தது நாளிதழ்களில் வந்த தீர்ப்புகள். போதைப்பொருள் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏதாவது சொன்னால் அது மறுநாளே சிறைக்குள் போய்விடுகிறது. தகவல் கொடுத்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கு நிற்காது என்று மோகன் லால் வழக்கில் 2018இல் தீர்ப்பு வந்திருந்தது. தம்பியின் வழக்கிலும் ஏறத்தாழ அதே நிலைதான் என்று அவன் அதையே பிடித்துக்கொண்டிருந்தான். 2020 ஆகஸ்டில் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அதனால் எதிரிக்குப் பாதகம் ஏற்பட்டதா என்று வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில், 67ஆவது பிரிவின்கீழ் அதிகாரிகள் பதிவுசெய்யும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பானது. மத்திய முகமைகள் போட்ட வழக்குகளில் அது பெரிய திருப்பம். காவல்துறையிடம் தரும் ஒப்புதலோ சாட்சியச் சட்டப்படி முன்பிருந்தே செல்லாது என்பதால், எங்களுக்கு அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2023இல் யூசுப் என்கிற ஆசிப் வழக்கில், 52-ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கவில்லை என்று தண்டனை ரத்தானபோது சிறையிலிருந்து தம்பி, ‘அண்ணே, நம்ம கேஸ்லயும் ரோட்டுலதானே சாம்பிள் எடுத்தாங்க, வக்கீல்கிட்ட சொல்லுங்கண்ணே’ என்று சொல்லி அனுப்பினான். வழக்கறிஞர் அந்த வாதத்தையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்க மறுத்தார். அவருடைய எச்சரிக்கை சரிதான் என்பது பின்னால் தெரிந்தது: 2025 ஜனவரியில் பாரத் ஆம்பாலே வழக்கில் உச்சநீதிமன்றம், 52-ஏ மீறல் ஒன்றே விடுதலைக்குப் போதாது, கைப்பற்றிய பொருளின் மீதே ஐயம் எழும் வகையில் முரண்பாடு இருக்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது.

உடல் சோதனையின்போது நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலையைக் கேட்கும் உரிமை பற்றிய 50ஆவது பிரிவைப் பற்றியும் இதே அளவு பேச்சு உண்டு. அது ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு மட்டுமே பொருந்தும், கையில் இருக்கும் பைக்கோ டிக்கியில் இருக்கும் மூட்டைக்கோ பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2005இலேயே பவன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ரகசியத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்ற 42ஆவது பிரிவு எங்கள் வழக்கில் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தது. மகஜர் சாட்சிகளில் ஒருவர் பிறழ்சாட்சியானார், அதைப் பெரிதாக நம்பினோம். காவல் அதிகாரிகளின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம் என்பது நெடுங்காலமாக இருக்கும் நிலைப்பாடு. இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் மகஜரின் இரண்டாம் பக்கத்தில் வந்து நின்றோம்.

அது மதுரை கே.கே. நகரில் வழக்கறிஞரின் அலுவலகத்தில், இறுதி விசாரணைக்குச் சற்று முன்பு. அவருடைய ஜூனியர், பேசுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நேராக்கி வைக்கும் பழக்கமுள்ள ஒரு பெண், மகஜரையும் நீதிமன்றத்துக்குப் பொருள்களை அனுப்பிய படிவத்தையும் ஆய்வறிக்கையையும் மேசையில் வரிசையாக விரித்தார். மகஜர் எடுத்தவரின் கையெழுத்து மோசம். எண்கள் மட்டும் தெளிவு. இரண்டு மூட்டைகளிலும் இருந்து தலா 50 கிராம் மாதிரி எடுத்து எஸ்1, எஸ்2 என்று குறியிட்டதாக அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பும் அதை அப்படியே ஏற்றிருந்தது.

‘சார், நீங்க கணக்குப் பாக்கிறவர்தானே, இதை ஒரு தடவை கழிச்சுப் பாருங்க’ என்று அவர் பென்சிலை நீட்டினார்.

முதல் மூட்டை 12.000 கிலோ. மாதிரி எடுத்தபின் மீதி, பி1 என்ற குறியுடன், 11.900 கிலோ. இரண்டாம் மூட்டை 10.000 கிலோ. மீதி, பி2 என்ற குறியுடன், அதே 10.000 கிலோ. படிவத்திலும் அதே எண்கள். நீதிமன்ற எழுத்தர் பொருள்களைப் பெற்றுக்கொண்ட குறிப்பிலும் அதே எண்கள். இரண்டு 50 கிராமும் முதல் மூட்டையிலிருந்தே போயிருக்கின்றன. இரண்டாம் மூட்டையிலிருந்து ஒரு துளியும் எடுக்கப்படவில்லை. ஆய்வகத்துக்குப் போன எஸ்1 கஞ்சாதான் என்று அறிக்கை வந்திருந்தது. இரண்டாம் மூட்டையில் இருந்தது கஞ்சா என்று சொல்ல அதிகாரியின் மூக்கைத் தவிர வழக்கில் வேறு சான்று இல்லை. கழித்துப் பார்க்காமல் படித்தால் கண்ணில் படாது. கணக்குப் புத்தகத்தில் எல்லா இருப்பும் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும்.

‘ட்ரையல்ல இதைக் கேட்டாங்களா மேடம்?’ என்றேன். குறுக்கு விசாரணைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘இரண்டாம் மூட்டையில் மாதிரி எடுக்கவில்லை என்றால் சரியல்ல’ என்று ஒரே வரி; எடுக்கவில்லை என்று எங்கள் தரப்பு சொன்னதைச் சாட்சி மறுத்த பதிவு. இவ்வழக்குகளில் குறுக்கு விசாரணையின் கடைசியில் சம்பிரதாயமாகப் போடப்படும் யோசனைக் கேள்விகளில் ஒன்றாக அது கிடந்தது. எடையைக் காட்டி மடக்கியிருக்கவில்லை. இருந்தாலும் அந்த ஒரு வரி இருந்ததே போதும், இதை முதன்முறையாக மேல்முறையீட்டில்தான் எழுப்புகிறார்கள் என்று அரசுத் தரப்பு சொல்ல முடியாது என்றார் அவர். விசாரணை நடந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குறுக்கு விசாரணையில் போடாத கேள்விக்கு உயர்நீதிமன்றத்தில் உயிர் கொடுப்பது அரிது. புதிய சாட்சியத்தை அனுமதிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அது மிக அரிதாகவே பயன்படுகிறது.

313 பதில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் ஒவ்வொரு சங்கதியாகக் கேட்பார். தம்பியின் பதில்கள் எல்லாமே ‘பொய்’, கடைசியில் ‘பொய் வழக்கு’. இப்படிச் சொல்லும்படிதான் பலருக்கும் அறிவுரை தரப்படுகிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் 35, 54 பிரிவுகள் சுமையை எதிரியின் பக்கம் தள்ளுகின்றன. பொருள் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அறிந்தேதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும்; இல்லை என்று காட்ட வேண்டியவர் எதிரி. நான் கூலிக்கு ஓட்டியவன், மூட்டையை ஏற்றியது இன்னார், எனக்குப் பேசிய கூலி இவ்வளவு என்று விளக்கம் தருவதற்கான இடம் அந்த 313தான். அதை வெறும் மறுப்பால் நிரப்பிவிட்டு, ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது என்று உயர்நீதிமன்றத்தில் வாதாடினால், ‘இதை அவர் எங்கே சொன்னார்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. எங்களிடமும் வந்தது. பதில் இல்லை.

இறுதி விசாரணை தனி நீதிபதி முன் நடந்தது. முதல் எதிரியின் மேல்முறையீடும் சேர்த்தே கேட்கப்பட்டது. எங்கள் வழக்கறிஞர் 52-ஏ பிரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேரே எடைக்கு வந்தார். 1993இல் கோவா வழக்கு ஒன்றில், ஒரு வெளிநாட்டவரிடம் கைப்பற்றிய இரண்டு சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) துண்டுகளில் ஒன்றை மட்டுமே ஆய்வுக்கு அனுப்பியதால், மற்றொன்றைப் போதைப்பொருள் என்று கொள்ள முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அவர் எடுத்துக் கொடுத்தார். நீதிபதி மகஜரைத் தானே வாங்கி, எண்களை முணுமுணுத்தபடி பார்த்துவிட்டு, அரசு வழக்கறிஞரிடம் இரண்டாம் மூட்டையின் எடை ஏன் குறையவில்லை என்று கேட்டார். ஒரே சரக்கு, ஒரே நிறம், ஒரே வாசனை என்றார் அவர். மாதிரி எடுத்ததாகச் சாட்சி சொல்லியிருப்பதையும் படித்துக் காட்டினார். எழுத்தில் இருக்கும் எடைக்கு எதிராக வாய்ச்சொல்லை எப்படி ஏற்பது என்ற கேள்வியுடன் வாதம் ஏறத்தாழ முடிந்தது. நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் ஐந்தாண்டுக் காத்திருப்புக்கு நீதிமன்றத்தில் கிடைத்த நேரம் ஒரு தேநீர் இடைவேளையைவிடக் கொஞ்சம் அதிகம். ஆவணங்கள் ஒழுங்காக இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது.

தீர்ப்பில் விடுதலை இல்லை. முதல் மூட்டையின் 12 கிலோ நிரூபணமானது, தம்பியின் மீதான அனுமானம் உடைக்கப்படவில்லை, ஆகவே குற்றவாளி என்ற முடிவு உறுதி. இரண்டாம் மூட்டை நிரூபணமாகாததால் வணிக அளவு என்பது இடைப்பட்ட அளவாகக் குறைக்கப்பட்டு, தண்டனை ஏற்கெனவே அனுபவித்த காலமாக மாற்றப்பட்டது. இரண்டு அபராதங்களும் குறைக்கப்பட்டன. ‘எல்லாம் ரத்தாகல்லையா?’ என்று உறவினர் சிலர் இன்றும் குறைப்படுகிறார்கள். மேல்முறையீட்டு மனுவில் முழு விடுதலை கேட்பதோடு, அது இல்லாவிட்டால் பிரிவை மாற்றி தண்டனையைக் குறைக்கக் கேட்கும் மாற்று வேண்டுதலும் இருக்கிறதா என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்பதை அவர்களுக்கு விளக்கி அலுத்துவிட்டது. தம்பி வெளியே வந்தது அந்த மாற்று வேண்டுதலால்தான்.

தீர்ப்பு வந்த அன்றே கதவு திறந்துவிடாது. உத்தரவு நகல் விசாரணை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், குறைக்கப்பட்ட அபராதத்தை அங்கே செலுத்தி ரசீது பெற வேண்டும், அதன்பின் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். அதில் ‘வேறு வழக்கில் தேவைப்படாத பட்சத்தில்’ என்ற வாசகம் இருக்கும். வேறு ஏதேனும் நீதிமன்றத்தில் பழைய பிடிவாரண்டோ, சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் பி.டி. வாரண்டோ நிலுவையில் இருந்தால் அந்த வாசகத்தாலேயே விடுதலை நின்றுபோகும். எனவே தீர்ப்புக்குக் காத்திருக்கும்போதே அவற்றை விசாரித்து முடித்துவைப்பது நல்லது. அபராதத் தொகையையும் தயாராக வைத்திருங்கள். எங்களுடன் தீர்ப்புப் பெற்ற முதல் எதிரிக்கு அபராதம் கட்ட ஆள் இல்லாததால் அவருடைய விடுதலை தள்ளிப்போனது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. எங்கள் காகிதங்களில் இருந்த மேல்முறையீட்டுப் பிரிவு 374 இப்போது 415, தண்டனை நிறுத்தப் பிரிவு 389 இப்போது 430, காவல் காலத்தைக் கழிக்கும் 428 இப்போது 468, எதிரியிடம் கேட்கும் 313 இப்போது 351. மாதிரி எடுப்பதற்கும் 2022இல் தனி விதிகள் வந்திருப்பதால், அதற்குப் பிந்தைய வழக்குகளில் மகஜரைவிட நடுவர் முன்னிலையில் தயாரான பட்டியலும் அதன் எடைகளும்தான் முதலில் ஒப்பிட வேண்டியவை.

உச்சநீதிமன்றம் போய் முழு விடுதலை கேட்கலாமா என்று தம்பி கேட்டான். 313இல் சொல்லாத விளக்கத்தை அங்கே போய்ச் சொல்ல முடியாது, அதற்கான செலவும் நம்மிடம் இல்லை என்று வழக்கறிஞரே வேண்டாம் என்றார். அரசும் மேல்முறையீடு செய்யவில்லை. குற்றவாளி என்ற முடிவு நிலைத்திருப்பதால், இதே சட்டத்தில் மறுபடி தண்டனை பெற்றால் 31ஆவது பிரிவின்படி உச்ச தண்டனை ஒன்றரை மடங்கு வரை போகும் என்பதையும் அவர் அன்றே அவனிடம் சொல்லிவிட்டார். இப்போது யார் வண்டி ஓட்டக் கூப்பிட்டாலும், டிக்கியைத் திறந்து பார்த்த பிறகுதான் அவன் சாவியை வாங்குகிறான். அதற்குச் சம்மதிக்காதவர்களின் வண்டியை எடுப்பதில்லை.